புதிய ஸ்போர்ட்ஸ் கார் தாமதமாகும்போது என்ன செய்வது? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறையாக ஸ்போர்ட்ஸ் கார் ஆர்டர் செய்து, சொன்ன மாதமும் கடந்துபோய்க் காத்திருப்பவர்கள் டீலரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “வண்டி எப்போது வரும்?” விற்பனையாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதற்கு உறுதியான பதில் அவரிடம் இருக்காது. தேதியை நிர்ணயிப்பவர் அவர் இல்லை. தொழிற்சாலை, உதிரிபாகம் தருபவர்கள், கப்பல் நிறுவனம், சுங்கத்துறை என்று பலர் கையில் சிதறிக் கிடக்கும் தேதி அது. கேள்வியை மாற்றிப் பாருங்கள்: “ஆர்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அடுத்த நிலைக்குப் போகவிடாமல் தடுப்பது எது?” இதற்கான பதில் பெரும்பாலும் அவருடைய கணினியிலேயே இருக்கும். அதை வைத்துத்தான் கடன், பழைய கார், காப்பீடு எல்லாவற்றையும் நீங்கள் திட்டமிட முடியும்.

ஆர்டர் எங்கே நிற்கிறது?

முன்பணம் கட்டியவுடன் தொழிற்சாலையில் தங்கள் காருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே தயாராகின்றன. நிறுவனம் ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை வண்டிகள் என்று ஒதுக்கீடு செய்கிறது. அந்த ஒதுக்கீட்டில் ஓர் இடம் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் அது ஆர்டர். அதுவரை நீங்கள் ஒரு பட்டியலில் இருக்கும் பெயர் மட்டுமே.

ஆகவே முதல் வேலை, ஒதுக்கீடு கிடைத்துவிட்டதா என்று கேட்பது. கிடைத்திருந்தால் நிறுவனம் தந்த ஆர்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைத் தராமல் ‘எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறார்கள் என்றால், ஒதுக்கீடு இன்னும் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அப்போது இரண்டு விவரங்கள் வேண்டும்: பட்டியலில் நீங்கள் எத்தனையாவது ஆள்? கடந்த ஆண்டு இதே மாடலில் இந்த டீலருக்கு எத்தனை வண்டிகள் வந்தன? நீங்கள் பன்னிரண்டாவது, வந்தவை நான்கு என்றால் கணக்கு உங்களுக்கே புரியும். விற்பனையாளரின் உற்சாகத்தைவிட இந்த இரண்டு எண்கள் நம்பத் தகுந்தவை.

ஒதுக்கீடு வந்த பிறகு ஆர்டர் சில தெளிவான கட்டங்களைக் கடக்கிறது. ஷெவர்லே கார்வெட் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. 2000 என்றால் நிறுவனம் ஆர்டரை ஏற்றுவிட்டது. 3000 என்றால் உற்பத்திக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஏற்றுவிட்டது. 3300 என்றால் உற்பத்திக்கு நாள் குறித்தாயிற்று. 3800 என்றால் கார் தயார். 4200 என்றால் அனுப்பப்பட்டுவிட்டது. 5000 என்றால் டீலரிடம் வந்து சேர்ந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் வேறு பெயர்களைப் பயன்படுத்தினாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதே வரிசைதான். உங்கள் நிறுவனத்தின் கட்டங்கள் என்னென்ன என்று ஒருமுறை கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையில் ஒரு தேதியை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறம், இருக்கை, சக்கரம் போன்ற தேர்வுகளை மாற்றக் கடைசி நாள் எது என்பதே அது. அந்த நாளுக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. அதற்கு முன் மாற்றினால் சில சமயம் வரிசையில் பின்னால் தள்ளப்படவும் கூடும். மாற்றச் சொல்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

நிலையைப் பொறுத்துத் தாமதத்தின் அளவும் வேறுபடும். ஒதுக்கீட்டுக்கு முந்தைய தாமதம் மாதங்களிலும் ஆண்டுகளிலும் அளக்கப்படுவது. உற்பத்தி நாள் குறித்த பிறகு வருவது பெரும்பாலும் வாரக் கணக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டுக்கும் ஒரே அளவு கவலைப்படுவதில் பயனில்லை.

தடுப்பது எது?

தாமதங்கள் இரண்டு வகை. ஒன்று உங்கள் காருக்கு மட்டும் உரியது. மற்றது எல்லோருக்கும் பொதுவானது. முதல் வகையில் உங்களால் ஏதாவது செய்ய முடியும் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் விருப்பத் தேர்வுகளை அள்ளிச் சேர்ப்பவர்கள். தவறில்லை, ஆசைப்பட்டு வாங்கும் கார்தானே. ஆனால் அவற்றில் ஏதாவது ஒன்று பற்றாக்குறையில் இருந்தால் முழு ஆர்டரும் அங்கேயே நின்றுவிடும். கார்பன்-செராமிக் பிரேக் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் மிக உயர்ந்த வெப்பத்தில் பல கட்டங்களாகச் செய்யப்படும் பொருள் அது. தேவை கூடிவிட்டது என்பதற்காக அடுத்த வாரமே இரட்டிப்பாகச் செய்துவிட முடியாது. தனி நிறப் பூச்சும் சிறப்பு இருக்கைகளும் இதே போல ஆர்டரை நிறுத்தி வைக்கக்கூடியவை. எனவே டீலரிடம் இப்படிக் கேளுங்கள்: “என் தேர்வுகளில் எதற்காவது இப்போது கட்டுப்பாடு இருக்கிறதா? அதை நீக்கினால் உற்பத்தி நாள் முன்னால் வருமா?” பதில் ஆம் என்றால், அந்தப் பொருளைப் பிறகு வெளியில் பொருத்திக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். சக்கரங்களைப் பின்னர் மாற்றலாம். பிரேக்கும் இருக்கையும் நிறமும் அப்படியல்ல. அவை உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால், விட்டுக்கொடுக்காமல் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. சில மாதப் பொறுமைக்காக, பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகும் காரில் குறை வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்குப் பின்னால் பதிவு செய்தவருக்கு முன்னதாகவே கார் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான்: அவருடைய தேர்வுகளுக்குத் தட்டுப்பாடு இல்லை, அல்லது அவருடைய டீலருக்கு ஒதுக்கீடு அதிகம்.

பொதுவான தாமதங்களைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதும் உதவும். டீலர் சொல்லும் காரணம் நம்பத் தகுந்ததா என்று எடைபோட அது கைகொடுக்கும். 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் உலகெங்கும் கார் உற்பத்தி தடுமாறியது. அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானின் ஹிட்டாச்சிநாகா நகரிலுள்ள ரெனசாஸ் சிப் தொழிற்சாலையில் தீப்பிடித்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும், அங்கே தயாரான மின்கம்பித் தொகுப்புகள் வராமல் போர்ஷே உள்ளிட்ட ஐரோப்பிய நிறுவனங்களின் உற்பத்தி தடைபட்டது. வெறும் கம்பிகள்தானே, வேறிடத்தில் வாங்க முடியாதா என்று தோன்றும். ஆனால் அந்தத் தொகுப்பு ஒவ்வொரு காரின் தேர்வுகளுக்கும் ஏற்பத் தனித்தனியாகக் கட்டப்படுவது. கிடங்கில் சேர்த்து வைத்து எடுத்துத் தரும் பொருள் அல்ல.

கார்வெட் தயாராகும், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பௌலிங் கிரீன் தொழிற்சாலையை 2021 டிசம்பரில் சூறாவளி தாக்கி, உற்பத்தி நின்றது. உற்பத்தியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை அழிக்க நேர்ந்தது. 2024 தொடக்கத்தில் போர்ஷே, பென்ட்லி, ஆடி கார்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கத் துறைமுகங்களில் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணம், சீனாவில் கட்டாய உழைப்பு தொடர்பான அமெரிக்கச் சட்டத்துக்கு முரணானதாகக் கண்டறியப்பட்ட ஒரு சிறிய மின்னணுப் பாகம். அந்தப் பாகத்தை மாற்றிய பிறகே கார்கள் வெளியே வர முடிந்தது. இத்தகைய காரணங்கள் செய்திகளில் வந்துவிடும். டீலர் சொல்லும் பெரிய காரணம் எந்தச் செய்தியிலும் இல்லை, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவும் அதை உறுதிசெய்யவில்லை என்றால், இன்னொரு முறை அழுத்திக் கேட்கலாம்.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

தாமதம் தெரிந்தவுடன் ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: முன்பணம் எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும், விலை எந்த நாள்வரை மாறாது, டெலிவரி தேதி உறுதியானதா வெறும் மதிப்பீடா, தாமதமானால் விலகும் உரிமை எப்போது தொடங்குகிறது. ‘உத்தேசமாக’ என்ற ஒரு சொல் இருந்தால் முழுப் பொருளும் மாறிவிடும்.

விலை பற்றிய பகுதி மிக முக்கியம். காத்திருக்கும் காலத்தில் மாடல் ஆண்டு மாறினால் விலை கூடலாம். சில தேர்வுகள் நீக்கப்பட்டோ புதிதாகச் சேர்க்கப்பட்டோ இருக்கலாம். உங்கள் ஆர்டர் தானாக அடுத்த ஆண்டுக்கு மாறுமா, புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா, பழைய விலை காக்கப்படுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் “இன்று நீங்கள் சொன்னது இது” என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். இதை நம்பிக்கையின்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விற்பனையாளர்கள் வேலை மாறிப் போவது சாதாரணம். அடுத்து வருபவருக்கு உங்கள் கதை தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நபரிடம், எழுத்தில் நிலையைக் கேளுங்கள். தினமும் அழைப்பதால் கார் முன்னால் வராது; ஆனால் மாதக்கணக்கில் கேட்காமல் இருப்பவரின் கோப்பு அடியில் போய்விடுவது உண்டு. மரியாதையாகவும் விடாமலும் கேட்பவருக்கே தகவல் கிடைக்கிறது.

பணமும் பழைய காரும்

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் நேரடியாகப் பணம் போகும். கார் கட்டப்பட்டு, சேஸிஸ் எண் கிடைத்து, கப்பலோ லாரியோ ஏறும் வரை பழைய காரை விற்க வேண்டாம். டீலரிடமே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தால், அந்த மதிப்பீடு எத்தனை நாள் செல்லும் என்று பாருங்கள். தாமதம் அவர்கள் பக்கம் என்றால், மதிப்பீட்டுக் காலத்தை நீட்டித்துத் தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. ஓடும் கிலோமீட்டருக்கு ஒரு வரம்பு வைத்து நீட்டித்துத் தரக் கேளுங்கள். பல டீலர்கள் இதற்கு இணங்கக்கூடும்.

வங்கி தரும் கடன் ஒப்புதலுக்கும் காலவரம்பு உண்டு. அது காலாவதியாகும் தேதியைக் குறித்து வைத்து, முன்கூட்டியே புதுப்பிக்கப் பேசுங்கள். கார் வருவதற்கு முன்பே கடன் தொகை டீலருக்குப் போய்விட்டால், இல்லாத காருக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். இன்வாய்ஸ் எழுதி, காரை நேரில் பார்த்த பிறகே தொகை விடுவிக்கப்பட வேண்டும் என்று வங்கியிடம் சொல்லிவையுங்கள்.

காப்பீட்டுக்கு இப்போதே விலை விசாரிக்கலாம். ஸ்போர்ட்ஸ் காருக்கு எல்லா நிறுவனங்களும் எளிதில் தருவதில்லை என்பதால் விசாரிப்பது நல்லதும்கூட. ஆனால் பாலிசியைத் தொடங்கும் நாள் கார் உங்கள் பொறுப்புக்கு வரும் நாளாக இருக்கட்டும். பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுபவர், கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் பொருத்துபவர் ஆகியோரிடமும் தேதி உறுதிசெய்யாமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

சேஸிஸ் எண் கிடைத்ததும் அதைச் சரிபாருங்கள். பதினேழு எழுத்துகளும் எண்களும் கொண்டது அது. பல நிறுவனங்கள் பத்தாவது இடத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கின்றன: 2024-க்கு ‘R’, 2025-க்கு ‘S’, 2026-க்கு ‘T’ என்ற ஆங்கில எழுத்து. நீங்கள் பணம் கட்டிய மாடல் ஆண்டும் இதுவும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கடலில் இருக்கும்போது

கடல் கடந்து வரும் கார் என்றால், அது பெரும்பாலும் ரோ-ரோ கப்பலில் வரும். கார்களை ஓட்டி ஏற்றி, ஓட்டி இறக்கும் கப்பல் இது. பெரியவற்றில் ஆயிரக்கணக்கான கார்கள் ஏறும். கப்பலின் பெயரை டீலர் தந்தால், கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணையதளங்களில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஒரே பெயரில் வேறு கப்பல்களும் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கப்பலுக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

வரைபடத்தில் கப்பல் நகர்வதைப் பார்ப்பது காத்திருப்பின் இன்பங்களில் ஒன்று. ஆனால் அதில் காட்டும் வருகைத் தேதி உங்கள் டெலிவரி தேதி அல்ல. வழியில் பல துறைமுகங்களில் நிற்கும். இறங்கிய பிறகு சுங்கம், ஆய்வு, லாரி என்று நாட்கள் கூடும். 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணத்தில் அதுவே பத்து நாட்களுக்குக் குறையாமல் சேர்த்துவிடும். 2018-இல் ஜப்பானிலிருந்து வந்த கார் கப்பல்களில் பயிர்களை அழிக்கும் நாற்றப்பூச்சிகள் இருந்ததால் நியூசிலாந்து அவற்றைத் திருப்பி அனுப்பியது.

கப்பலே அழிந்துவிட்டால்? மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் கிராண்டே அமெரிக்கா என்ற கப்பல் தீப்பற்றி பிஸ்கே விரிகுடாவில் மூழ்கியபோது, அதில் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கார்களும் போயின. அந்த மாடலின் உற்பத்தி அப்போது முடிந்துவிட்டிருந்தது. வாங்கியவர்களுக்காகப் போர்ஷே உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. 2022-இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் சுமார் 4,000 கார்களுடன் மூழ்கிய பிறகு, லம்போர்கினியும் அவென்டடோர் அல்டிமே கார்களை மறுபடி கட்டித் தந்தது. பொதுவாகக் கார் உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு விற்பவருடையது. எனினும் உங்கள் ஒப்பந்தமும் அப்படித்தான் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகத் தொழிற்சாலையில் நேரடியாக டெலிவரி எடுத்து, பிறகு கப்பலில் அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலகுவதா, இருப்பதா?

முடிவெடுக்கும் தேதி ஒன்றை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஆர்டர் இன்னும் ஒதுக்கீட்டைக் கடக்கவில்லை என்றால், வேறு டீலரிடம் விசாரியுங்கள். வாங்க வந்தவர் விலகியதால் நின்றுபோன கார் ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதை உங்கள் தேர்வுகளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய ஆர்டரைக் கைவிடுங்கள். கார் கட்டப்பட்டுவிட்டது என்றால் பொறுத்திருங்கள். மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது.

டெலிவரி எடுக்கும் நாள்

நெடுநாள் காத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவது இந்த நாளில்தான். சாவி கையில் வரும்போது சிறு குறைகள் கண்ணில் படுவதில்லை. அதனால் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில், அவசரமில்லாத ஒரு நாளைக் கேளுங்கள். மாத இறுதிக் கணக்குக்காக மாலை ஏழு மணிக்கு எடுத்துச் செல்லும்படி சொன்னால் மறுத்துவிடலாம்.

ஆர்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்வும் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். தாமதமான கார்களில் இது இருமடங்கு அவசியம். தட்டுப்பாட்டின் காரணமாகச் சில வசதிகள் சொல்லாமலே நீக்கப்பட்டிருக்கலாம். பிறகு பெயிண்டைச் சாய்ந்த கோணத்தில் பாருங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, பக்கவாட்டு அடிப்பகுதி, சக்கரங்களின் ஓரம் மூன்றும் தாழ்வான காரில் லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசும் இடங்கள். குனிந்து, கை விளக்குடன் பாருங்கள்.

கார் நெடுநாள் நின்றிருந்தால் டயரும் பேட்டரியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 1225 என்றால் 2025-இன் பன்னிரண்டாவது வாரம். ஒரே இடத்தில் பல வாரங்கள் நின்ற டயரில் தட்டையான பகுதி உருவாகி, ஓடும்போது அதிர்வு தெரியலாம். பெரும்பாலும் டயர் சூடேறியதும் சரியாகிவிடும். தொடர்ந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். பேட்டரியைச் சோதித்த அறிக்கையைக் கேட்பதில் தவறில்லை. பயணத்தில் பேட்டரி தீராமலிருக்க மின்னணு அமைப்புகளில் வைக்கப்பட்ட போக்குவரத்து நிலை நீக்கப்பட்டதா, சில மாடல்களில் ஸ்பிரிங்குகளுக்கு இடையே வைக்கப்படும் தடுப்புக் கட்டைகள் எடுக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள்.

தாமதத்தால் டெலிவரி குளிர்காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டதா? ஸ்போர்ட்ஸ் கார்களில் வரும் கோடைக்கால டயர்கள் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடிப்பை இழக்கத் தொடங்கும். கடுங்குளிர் பிரதேசத்தில் இருப்பவர்கள் குளிர்கால டயர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது காரை லாரியில் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். உறைபனியில் முதல் பயணமாக இந்தக் காரை ஓட்டுவது ஆபத்து.

ஏதேனும் குறை கண்டால், கையெழுத்துக்கு முன் படம் எடுத்து, டெலிவரி படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சரிசெய்யும் நாளையும் குறிக்கச் சொல்லுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்மொழிக்கு இடம் தர வேண்டாம். மீண்டும் பெயிண்ட் அடிக்க வேண்டிய அளவு சேதம் என்றால் காரை அன்று ஏற்காமல் வருவதற்கும் தயாராக இருங்கள். இத்தனை காத்திருந்த பிறகு அது வலிக்கும், ஆனால் கையெழுத்துக்கு முன் உங்களுக்கு இருக்கும் பலம் பின்னால் இருக்காது.

கடைசியாக, கையேட்டில் ரன்னிங்-இன் பகுதியை, அதாவது புதிய என்ஜினைத் தொடக்கத்தில் மெதுவாகப் பழக்கும் முறையை, டெலிவரிக்கு முந்தைய நாட்களிலேயே படித்துவிடுங்கள். போர்ஷே 911-க்கு முதல் 3,000 கிலோமீட்டர் வரை என்ஜின் சுழற்சியை நிமிடத்துக்கு 4,000-க்குள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். மற்ற நிறுவனங்களின் கணக்கு வேறு. புதிய டயரும் பிரேக் பட்டைகளும் பழகுவதற்கு முதல் சில நூறு கிலோமீட்டர் தேவை. ஆகவே டெலிவரி எடுத்த வாரமே பந்தயத் தடத்தில் ஓட்ட நாள் பதிவு செய்திருந்தால், அதைத் தள்ளிவைத்துவிடுங்கள்.